உப்புக் காய முன்னம்

கீரிமலைக்குப் போகிற நாளில் அம்மம்மா முதலில் எடுத்து வைப்பது துவாயை அல்ல, எண்ணெய்ப் போத்தலை. மில்க் ஒஃப் மக்னீசியா வாங்கிய நீலக் கண்ணாடிப் போத்தல் அது. மூடி எப்போதோ தொலைந்துபோனதால் சீலைத் துண்டு சுற்றிய தக்கையால் அடைத்திருப்பா. உள்ளே செக்கில் ஆட்டிய நல்லெண்ணெய். அடுத்து, பழைய பால்மாப் பேணி ஒன்றில் அரப்பு. பிறகு மாற்றுடுப்பு, பல் அகலமான மரச்சீப்பு, குளித்து முடிய வாயில் போட நாலு பனங்கட்டித் துண்டு. எல்லாம் பனையோலை உமலுக்குள் இறங்கும். துவாய் கடைசியாக, மேலே. "துவாய் மறந்தா வெயில்லை நிண்டு காயலாம். எண்ணெய் மறந்தா?" என்று கேட்பா. நாங்கள் பதில் சொல்ல வேண்டி வந்ததில்லை. அவ ஒருநாளும் மறந்ததில்லை.

அரப்பு என்றதும் தமிழகத்து வாசகர்களுக்கு உசிலை இலைப்பொடி நினைவுக்கு வரும். எங்கள் வீட்டு அரப்பு வேறு. சீயாக்காய், வெந்தயம், கொஞ்சம் பயறு, நாலாக வெட்டிய தேசிக்காய், எல்லாவற்றையும் முதல்நாள் பின்னேரம் சட்டியில் அவித்து, விடியப்புறம் அம்மியில் அரைத்தெடுப்பது. அவிகிறபோது புளிப்பும் கசப்பும் கலந்த ஒரு மணம் எழும். பசியைக் கிளப்புகிற மணமில்லை. ஆனால் நாளைக்கு இவர்கள் கீரிமலைக்குப் போகிறார்கள் என்பதை அடுத்த வளவுப் பிள்ளைகளுக்கும் அது சொல்லிவிடும். இன்றைக்கும் கடையில் எந்த ஷாம்பூவை எடுத்தாலும் மூடியைத் திறந்து அந்தப் புளிப்பைத்தான் தேடுகிறேன். கடைக்காரர்கள் என்னை ஒரு மாதிரிப் பார்க்கிறார்கள்.

தாய்வழி வீடு கொல்லங்கலட்டியில். பள்ளிக்கூட விடுதலை என்றால் நாங்கள் எல்லோரும் அங்கேதான். காலமை வெள்ளனப் புறப்பட்டால் வெயில் ஏற முதல் நடந்தே கேணிக்குப் போய்விடலாம். இரு பக்கமும் சிவப்பு மண் தோட்டங்கள், கிளுவை வேலிகள், தூரத்தில் காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையின் புகைபோக்கி. பிறகு காற்றில் உப்புப் பிடிபடும். கடல் கண்ணுக்குத் தெரிவதற்கு முன் உதட்டுக்குத் தெரிந்துவிடும். நக்கிப் பார்த்து "வந்திட்டுது" என்று முதலில் சொல்கிறவர்தான் அன்றைக்கு முதலில் தண்ணீரில் இறங்கலாம் என்று எங்களுக்குள் ஓர் ஒப்பந்தம் இருந்தது. அதில் கள்ளம் செய்யாதவர் யாருமில்லை.

கீரிமலையைப் பார்க்காதவர்களுக்கு அந்த இடத்தின் அதிசயத்தைச் சொல்வது கடினம். கடல். அதை ஒட்டி ஒரு கல்லணை. அணைக்கு இந்தப் பக்கம் கேணி, அதில் நன்னீர். ஒரு காலை உப்பிலும் மறு காலை நன்னீரிலும் வைக்கலாம் போன்ற நெருக்கம். யாழ்ப்பாணத்தில் ஆறு என்று சொல்லிக்கொள்ள மாரியில் மட்டும் ஓடுகிற வழுக்கையாறு ஒன்றுதான் உண்டு. பெய்கிற மழையை மண் குடித்து, அடியிலிருக்கும் சுண்ணாம்புப் பாறையின் வெடிப்புகளுக்குள் விடுகிறது. அந்தத் தண்ணீர் இருட்டுக்குள்ளேயே நடந்து வந்து கடற்கரையில் வெளியே எட்டிப் பார்க்கிற இடங்களில் ஒன்று கீரிமலை. கேணியின் அடியில் ஊற்று வாய்கள் உண்டு. மூழ்கிப் போய்க் கையை வைத்தால் யாரோ உள்ளங்கையில் ஊதுவது போல இருக்கும். ஊறி வருகிற தண்ணீர் நிரம்பி, வழிந்து, அணையைத் தாண்டிக் கடலுக்குப் போய்விடும். வருவதும் போவதுமாக ஒரு நிமிடமும் நில்லாத தண்ணீர். இதை நான் பிறகும் சொல்ல வேண்டிவரும்.

ஊருக்குப் பெயர் வந்ததே ஒரு முகத்தால்தான். கீரி முகம் கொண்ட நகுலமுனிவர் இங்கே தீர்த்தமாடித் தன் முகத்தைத் திரும்பப் பெற்றார் என்பது கதை. குதிரை முகத்தோடு வந்த சோழ இளவரசி மாருதப்புரவீகவல்லியும் இதே தண்ணீரில் முழுகி அழகியானாள். மா விட்டுப்போன இடம் மாவிட்டபுரம் ஆயிற்று. ஒரு பக்கம் நகுலேஸ்வரம், மறுபக்கம் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில், நடுவில் இந்தத் தண்ணீர். தோல் வருத்தக்காரர் தூர ஊர்களிலிருந்தும் வந்து முழுகுவார்கள். "குதிரை மூஞ்சியையே மாத்தின தண்ணி, உன்ரை முதுகுக் கரப்பனை மாத்தாதோ?" என்று அம்மம்மா சின்னம்மாவின் மகனை அணைத்தபடி தண்ணீருக்குள் அமத்துவா. அவனுக்குக் கரப்பன் மாறியதா என்று சரியாக நினைவில்லை. தண்ணீருக்குள் அவன் போட்ட கத்தல் நினைவிருக்கிறது.

ஆனால் தண்ணீரின் மகிமையை இவ்வளவு நம்பிய அம்மம்மா, தண்ணீரை மட்டும் நம்பி யாரையும் இறக்கியதில்லை. அவவிடம் ஓர் ஒழுங்கு இருந்தது. அது பிசகினால் அன்றைக்குக் கடல் கிடையாது.

பெண்கள் கேணி தனி. உயர்ந்த மதிலுக்குள், ஆண்கள் கேணியைவிடச் சிறியது. அதன் படியில் எங்களை வரிசையாக இருத்தி எண்ணெய் வைப்பா. உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றி, இரு கையாலும் தேய்த்துச் சூடாக்கி, முதலில் உச்சி. பிறகு முடியைப் பிரித்துப் பிரித்து நுனி வரை. நுனியில்தான் அதிக நேரம். "அடி புதுசு, நுனி பழசு. பழசுக்குத்தான் எண்ணெய் வேணும்" என்பா. முடி நுனியில் இருப்பது மூன்று நாலு வருடத்துக்கு முன் முளைத்த பகுதி, அவ்வளவு காலம் வெயிலையும் சீப்பையும் தாங்கிய பகுதி என்பதை நான் பிற்காலத்தில் ஒரு தோல் வைத்தியரிடம் காசு கொடுத்துக் கேட்டறிந்தேன். முடிக்குப் பிறகு முழங்கை, முழங்கால், கால் விரலிடுக்கு, காது மடலின் பின்பக்கம். எண்ணெய் கண்ணுக்குள் வழிந்து எரியும். அழக் கூடாது, அழுதால் இன்னும் எரியும்.

எண்ணெய் ஊறியதும் நேரே கடலுக்கு ஓட முடியாது. கேணியில் ஒரு வாளி அள்ளி உச்சியிலிருந்து ஊற்றுவா. "எப்பிடியும் நனையத்தானே போறம், ஏன் இஞ்சை ஒருக்கா நனைக்கிறியள்?" என்று நான் கேட்டதுண்டு. "காஞ்ச பஞ்சு எதையும் குடிக்கும். முதல்லை நல்ல தண்ணியைக் குடிக்கட்டும்" என்றா. அப்போது எனக்கு அது கிழவிகளின் பேச்சாகத்தான் பட்டது. பிறகுதான் கடல். கரை முழுக்கக் கல்லும் முருகைப்பாறையும் என்பதால் ஓடிப் பாய முடியாது; மாமிமார் கையைப் பிடித்து மெல்ல மெல்ல இறக்குவார்கள். அம்மம்மா கரையில் நின்றுகொண்டு எங்கள் தோளைக் கவனித்தபடி இருப்பா. தோளில் ஈரம் காய்ந்து வெள்ளையாகக் கோடு விழத் தொடங்கினால் போதும், கூப்பாடு தொடங்கிவிடும்: "உப்புக் காய முன்னம் ஏறி வாங்கோ!"

கடல் நீரில் ஒரு லீற்றருக்குச் சராசரி 35 கிராம் உப்பு. ஈரமாக இருக்கும்வரை அதனால் பெரிய தொல்லையில்லை. காய்ந்து மணியாகும்போதுதான் அது தோலிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். உடுப்பு உரசுகிற இடத்தை அரமாக அராவும். அம்மம்மாவுக்கு இந்தக் கணக்கு தெரியாது. கருவாடு போடத் தெரியும். மீனில் உப்பு என்ன செய்யுமோ அதைத்தான் பிள்ளையிலும் செய்யும் என்பது அவவின் விஞ்ஞானம். அதில் பிழை சொல்ல எனக்கு இன்றுவரை ஒன்றும் அகப்படவில்லை.

கடலால் ஏறியதும் கேணிக்கு வெளியே, தண்ணீர் ஓடிப்போகிற வாய்க்கால் பக்கமாக நிறுத்தி அரப்பு. கேணிக்குள் அரப்பைக் கரைக்க விடமாட்டா. வாளி வாளியாக வார்த்து, எண்ணெயும் உப்பும் போன பிறகுதான் கேணிக்குள் இறங்கி முழுக்கு. அந்த ஊற்றுத் தண்ணீர் சுண்ணாம்புப் பாறைக்குள்ளால் வருவது, வன்னீர். சன்லைட் சவுக்காரம் போட்டால் நுரைக்காது, முடியில் மெழுகு மாதிரி ஒட்டிக்கொண்டு சிக்குப் பிடிக்கும். அரப்பிலிருந்த தேசிக்காய்ப் புளிதான் அதை அறுத்தது. முடியைத் துவாயால் முறுக்க விடமாட்டா. ஒற்றி ஒற்றி எடுத்து, கைவிரலால் சிக்கெடுத்து, பிறகு சீப்பு. கடைசியில் போத்தலில் மிஞ்சிய ஒரு துளி எண்ணெய், ஈரம் காய முன்னம், கன்னத்துக்கும் கைக்கும்.

அப்பா ஆண்கள் கேணியின் ஆள். ஒன்பது வயதுவரை என்னையும் அங்கே கூட்டிக்கொண்டு போய் மிதக்கவும் கையடிக்கவும் பழக்கினார். நடுமுதுகின் கீழே அவருடைய ஒரு விரல் மட்டும் இருக்கும். எப்போது அந்த விரலை எடுத்தார் என்று எனக்குத் தெரியவே தெரியாது. மதிலில் ஏறி நின்று பொடியன்கள் பல்டி அடித்துக் குதிக்கிற சத்தத்துக்கு நடுவே அவர் எனக்கு நீச்சல்காரர்களின் கதை சொல்வார். 1954-இல் நவரத்தினசாமி பாக்கு நீரிணையை நீந்திக் கடந்தது. 1971-இல் வல்வெட்டித்துறை ஆனந்தன் இந்தியக் கரைக்குப் போய்த் திரும்பியும் நீந்தி, 51 மணித்தியாலத்தில் வந்து சேர்ந்தது. ஆழிக்குமரன் என்று பெயர் பெற்ற அதே ஆனந்தன் 1984 ஓகஸ்டில் ஆங்கிலக் கால்வாயின் குளிரில் நீந்தப் போய் உயிர் விட்டபோது அப்பா அன்றைக்குச் சாப்பிடவில்லை.

இப்படித் தூரம் நீந்துகிறவர்கள் உடம்பெல்லாம் கிறீஸ் பூசிக்கொண்டுதான் இறங்குவார்கள் என்று அப்பா சொன்னதும், "என்னட்டைக் கேட்டிருந்தா நல்லெண்ணெய் குடுத்திருப்பன்" என்றா அம்மம்மா. அப்பாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அவர் அந்தப் பூச்சு குளிருக்காக என்று நினைத்திருந்தார். பலரும் இன்னும் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஆட்டுரோமக் கொழுப்பும் வசிலினும் கலந்த அந்தப் பூச்சு குளிரை அதிகம் தடுக்காது. கழுத்திலும் கக்கத்திலும் தோலோடு தோல் ஆயிரக்கணக்கான தரம் உரசும்போது உப்பு அராவாமல் காப்பதே அதன் வேலை. மாமியாருக்கும் மருமகனுக்கும் நடந்த அந்த வழக்கில் மாமியார் பக்கமே நியாயம் இருந்தது என்பதை அப்பா தெரிந்துகொள்ளாமலே போய்விட்டார்.

பதினொரு வயதில் நான் பெரியபிள்ளையானேன். அதோடு கடல் நின்றது. கேணி நிற்கவில்லை, ஆனால் குறுக்குக்கட்டோடு படியில் நின்று முழுகுவதற்கும் நீந்துவதற்கும் எவ்வளவு தூரம்! ஆடி அமாவாசைக்குத் தகப்பனுக்காகக் கடலாடக் கூட்டம் வரும். நான் மதிலுக்கு இந்தப் பக்கம் இருந்து சத்தத்தைக் கேட்பேன். முடி மட்டும் வளர்ந்தது, இடுப்புக்குக் கீழே. நீந்தாத பிள்ளைக்கு நீந்துகிற பிள்ளைக்கு வைத்த அதே அளவு எண்ணெய். ஒருநாள் அம்மம்மாவிடம் இதைச் சொல்லிவிட்டேன். அவ கை ஒரு நொடி நின்றது, பிறகு வழமைபோல நுனிக்குப் போனது.

1990 ஆனி மாதம் யுத்தத்தால் எங்கள் வலிகாமம் வடக்குச் சனமெல்லாம் வெளிக்கிட்டபோது நாங்களும் வெளிக்கிட்டோம். மாற்றுடுப்பு, உறுதிக் கட்டு, கோழிக் கூடு. உமல் எடுபடவில்லை. மானிப்பாய்ப் பக்கம் ஒரு உறவுக்காரர் வளவில் ஏழு குடும்பங்களுக்கு ஒரு கிணறு. இடம்பெயர்ந்த சனம் நெருங்கி இருந்தால் வயிற்றோட்டம் வருமென்று சுகாதாரப் பரிசோதகர் வந்து கிணற்றுக்குக் குளோரின் தூள் கரைத்து ஊற்றுவார். அந்தத் தண்ணீரில் குளித்த அன்றைக்கு அம்மம்மா தன் முன்கையை நகத்தால் கீறிப் பார்த்தா. வெள்ளைக் கோடு விழுந்தது. "கடல் இல்லாத ஊரிலையும் உப்பை ஊத்திப்போட்டாங்கள்" என்றா.

அடுத்த நாளிலிருந்து குளிக்கிற தண்ணீரை வாய் அகன்ற கிடாரத்தில் நிரப்பி முற்றத்து வெயிலில் வைக்கத் தொடங்கினா. பின்னேரம் மூக்கை வைத்துப் பார்ப்பா. நெடி போய்விட்டால் குளிப்பு. குளோரினை வெயில் கலைத்துவிடும் என்பது சரியான சங்கதி. இதை எந்தப் பரிசோதகரும் அவவுக்குச் சொல்லவில்லை, ஒரு கிடாரமும் இரண்டு நாளும் போதுமாக இருந்தன. குடிக்கிற தண்ணீரில் மட்டும் கைவைக்கவில்லை. அது நெடியோடுதான் இருக்க வேண்டும், பிள்ளைகளின் வயிறு முக்கியம் என்று அவவே சொன்னா. மூன்று வருடம் கழித்து அந்த வளவிலேயே கண்ணை மூடினா. தலைக்கு எண்ணெயும் அரப்பும் வைத்த சடங்கு அன்று நடந்தது. நல்லெண்ணெய் ஒரு போத்தல் பொருளாதாரத் தடை காலத்தில் என்ன விலை என்று எங்கள் மாமாவுக்குத் தெரியும்.

ஐம்பத்தொரு வயதில், ரொறன்ரோவில், முழங்கால் தேய்மானத்துக்காக நீந்தச் சொன்னார் குடும்ப வைத்தியர். நாற்பது வருடத்துக்குப் பிறகு தண்ணீர். உடம்பு மறக்கவில்லை, முதுகின் கீழே விரல் இல்லாமலே மிதந்தேன். கிழமையில் நாலு நாள். ஆறாவது கிழமை என் தோல் என்னுடையதாக இல்லை. கணுக்காலில் மீன் செதில், கைமடிப்பில் சிவப்பு, இரவில் கட்டிலைக் கீறுகிற அரிப்பு. முடியோ தும்பு. வெளியே பாகை மைனஸ் 15. தடாகத்திலிருந்து காருக்கு நடக்கிற இரண்டு நிமிடத்தில் தொப்பிக்கு வெளியே நின்ற ஈர நுனி குச்சியாக விறைத்து, தொட்டால் முறிந்தது. பக்கத்து ஒழுங்கையில் நீந்துகிற வெள்ளைக்காரப் பெண்ணின் பொன் முடியில் இலேசாகப் பச்சை ஏறியிருந்தது. குளோரின் பச்சை என்று எல்லோரும் சொன்னார்கள். அது செம்பின் பச்சை. குழாய்களிலிருந்தும் பாசிக்கு ஊற்றும் மருந்திலிருந்தும் தண்ணீரில் கலக்கிற செம்பு முடியில் போய் ஒட்டுகிறது. எங்கள் கறுப்பு முடியிலும் ஒட்டும், தெரியாது, அவ்வளவே.

என்ன செய்வது என்று யோசித்தபோது கை தானாக நல்லெண்ணெய்ப் போத்தலுக்குப் போனது. ஒரு சனிக்கிழமை அம்மம்மா செய்தது போலவே உச்சி முதல் உள்ளங்கால் வரை தேய்த்து, மேலே உடுப்பைப் போட்டுக்கொண்டு போய், இறங்கிவிட்டேன். இரண்டாவது சுற்றில் திரும்பிப் பார்த்தால் என் பின்னால் வானவில். தண்ணீரின் மேல் எண்ணெய்ப் படலம் வட்டம் வட்டமாக விரிந்து, நான் போன வழியைக் காட்டிக்கொடுத்தபடி வருகிறது. இருபது வயதுகூட இருக்காத காவல் பொடியன் ஊதுகுழலை ஊதி, குனிந்து, மிகுந்த மரியாதையோடு என்னை ஏறச் சொன்னான். சுவரிலிருந்த பலகையைக் காட்டினான்: இறங்குமுன் சவர்க்காரம் போட்டுக் குளிக்கவும், எண்ணெய் பூசி இறங்க வேண்டாம். வெட்கத்தில் மூன்று கிழமை அந்தப் பக்கம் போகவில்லை.

அந்த மூன்று கிழமையில்தான் கேணி எனக்கு விளங்கியது. அங்கேயும் எண்ணெய்ப் படலம் மிதக்கும். அமாவாசைக்கு எள்ளும் பூவும்கூட. ஆனால் அது அணையைத் தாண்டிக் கடலுக்குப் போய்விடும், அடியிலிருந்து புதுத் தண்ணீர் ஊதிக்கொண்டு வரும். தடாகத்துத் தண்ணீருக்குப் போக இடமில்லை. வடிகட்டியைச் சுற்றிக்கொண்டு அதே தண்ணீர் திரும்ப வருகிறது. நூறு பேரின் வியர்வையும் அதற்குள்தான். அதனால் குளோரின் வேண்டியிருக்கிறது, லீற்றருக்கு ஒன்றிலிருந்து மூன்று மில்லிகிராம் வரை. கிருமியைக் கொல்ல விட்ட மருந்துக்குக் கிருமி எது, என் தோலின் இயற்கை எண்ணெய் எது என்று வேற்றுமை தெரியாது. இரண்டோடும் மோதும். நாங்கள் குளோரின் மணம் என்று மூக்கைச் சுளிப்பதும் உண்மையில் குளோரினின் மணமல்ல. வியர்வையோடும் சிறுநீரோடும் அது சேர்ந்து உண்டாகிற குளோரமின்களின் நெடி. கண் சிவப்பதும் அதனால்தான். நெடி கூடினால் மருந்து கூடிவிட்டது என்று பொருளில்லை, குளிக்காமல் இறங்கியவர்கள் கூடிவிட்டார்கள் என்று பொருள். காவல் பொடியன் சிறு குழாயில் தண்ணீர் பிடித்து, மருந்து சொட்டி, இளஞ்சிவப்பைப் பார்த்துக் குறித்துக்கொள்வதை அதற்குப் பிறகு நான் மரியாதையோடு பார்க்கிறேன்.

ஆக, அம்மம்மாவின் ஒழுங்கை நான் கைவிடவில்லை, இடத்துக்கேற்பத் திருத்தினேன். முதலில் நல்ல தண்ணீர்: இறங்குமுன் ஷவரில் தலையை முழுக்க நனைப்பது. முடி தன் எடையில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு தண்ணீரைக் குடிக்கக்கூடியது. வயிறு நிறைந்த பிறகு தடாகத்து நீருக்கு அதிகம் இடமிருக்காது. காஞ்ச பஞ்சு! எண்ணெய் இப்போது உடம்புக்கில்லை, முடி நுனிக்கு மட்டும், ஒரு கரண்டிக்கும் குறைவு. அதுவும் நல்லெண்ணெய் அல்ல. ரெலே, மொஹிலே என்ற இரு இந்திய ஆய்வாளர்கள் 2003-இல் தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கனிம எண்ணெய் மூன்றையும் முடியில் பூசிப் பார்த்து, தேங்காய் எண்ணெய் மட்டுமே முடிக்குள் இறங்கிப் புரத இழப்பைக் குறைத்தது என்று எழுதினார்கள். நல்லெண்ணெய் அந்தப் பந்தயத்திலேயே இல்லை. அம்மம்மா இருந்திருந்தால் அது அநியாயம் என்றிருப்பா.

மேலே சிலிக்கன் தொப்பி. அது முடியை நனையாமல் காக்கும் என்று நம்பி வாங்கினேன். காக்காது, ஆனால் புதுத் தண்ணீர் மாறி மாறி முடிக்குள் அலசுவதைக் குறைக்கும், எண்ணெயும் வெளியே போகாது. எண்ணெய் ஒரு துளி கூடினால் தொப்பி வழுக்கி, கருத்த கோழிமுட்டை மாதிரி உச்சியில் போய் நிற்கும். ஏறியதும் உடனே இளஞ்சூட்டுத் தண்ணீர். சுடுதண்ணீருக்கு ஆசை வரும், அந்த ஆசை மிச்சமிருக்கிற எண்ணெயையும் கழுவிவிடும். சவர்க்காரம் கக்கத்துக்கும் காலிடுக்குக்கும் போதும். ஒற்றித் துடைத்து, தோல் இன்னும் ஈரமாக இருக்கும்போதே, மூன்று நிமிடத்துக்குள் கட்டியான களிம்பு. கையில் ஊற்றினால் ஓடுகிற லோஷன்கள் இந்தக் குளிருக்குப் பற்றாது. யூரியா கலந்த களிம்பு நல்லதுதான், வெடித்த தோலில் பூசினால் எண்ணெய் கண்ணுக்குள் போனதை நினைவுபடுத்தும்.

தலைக்குக் கடைசியில் நான் செய்வதைக் கண்டால் என் மகள் தலையில் அடித்துக்கொள்கிறாள். வைட்டமின் சி குளோரினைச் செயலிழக்கச் செய்யும். அதற்கென்றே விலைகூடிய தெளிப்பான்கள் விற்கிறார்கள். நான் ஒரு கப் தண்ணீரில் பாதித் தேசிக்காயைப் பிழிந்து வடித்துக் கொண்டுபோகிறேன். தலையில் ஊற்றி, கொஞ்சம் நின்று, நன்றாக அலசி விடுகிறேன். தோல் வெடித்த நாட்களில் தேசிக்காய் கிட்டவும் வராது. அவித்த அரப்பில் அந்த வைட்டமின் எவ்வளவு மிஞ்சியிருக்கும் என்று கேட்டால் சிறிதுதான். ஆனால் புளி புளிதான்.

2014-இல் மகளோடு ஊருக்குப் போனேன். கொல்லங்கலட்டி வீட்டின் அத்திவாரத்தைப் பற்றைக்குள் தேடிக் கண்டுபிடிக்க ஒரு மணித்தியாலம் ஆயிற்று. கிணற்றுக் கட்டு மட்டும் முழுசாக இருந்தது. சீமெந்துத் தொழிற்சாலை எலும்புக்கூடாக நின்றது. கேணிப் பாதையில் கிளுவை இல்லை, கம்பி வேலிகள். உதட்டை நக்கிப் பார்த்தேன். அது மாறவில்லை.

மகள் கடலில் இறங்கிக் கன நேரம் நின்றாள். ஏறி வந்து கல்லில் இருந்து படம் எடுத்துக்கொண்டிருந்தவளின் தோளில் வெள்ளைக் கோடு விழத் தொடங்கியது. நான் வாயைத் திறக்க முன்னமே பெண்கள் கேணி வாசலில் நின்ற, முன்பின் தெரியாத ஒரு ஆச்சி, "ஆற்றை பிள்ளை அது, உப்போடை நிக்கிறது?" என்று சத்தம் போட்டா. மகளுக்குப் பாதிதான் விளங்கியது. எழும்பி வந்து, உள்ளே போகுமுன், எந்த நீச்சல் தடாகத்துக்குப் போனாலும் செய்வதைப் போலச் சுவரிலிருந்த பலகையை ஒருதரம் வாசித்தாள். எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள். சவர்க்காரம், ஷாம்பூ பாவிக்கக் கூடாது என்று இருந்தது.

"எண்ணெய்?" என்று என்னைக் கேட்டாள்.

இன்னொரு தரம் இருவரும் சேர்ந்து மேலிருந்து கீழே வாசித்தோம். எண்ணெயைப் பற்றி அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.